மாக்கின் வன்தட்டு விண்டோஸ் வீட்டுக்கு வந்தால்: எங்கே வாசிப்பது, எங்கே திருத்துவது?

திருகோணமலையில் வேற்று இயங்குதளத்து வன்தட்டு ஒருவர் கைக்கு வந்து சேரும் வழிகள் பலருக்கும் பழக்கமானவை. கனடாவில் இருந்தோ இலண்டனில் இருந்தோ திருமணத்துக்கு வந்த உறவினர், தான் எடுத்த காணொளிகளை எல்லாம் தன் மாக் மடிக்கணினியில் இருந்து ஒரு சிறிய வன்தட்டில் இட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். நிலாவெளியில் தங்கிப் புறாத் தீவைச் சுற்றிக் கடலடியில் படம் பிடித்த ஒருவர், நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் அச்சிடக் கொடுத்த வன்தட்டு அங்குள்ள விண்டோஸ் கணினியில் திறக்க மறுக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் மாணவர், ஒரே மடிக்கணினியில் லினக்ஸையும் விண்டோஸையும் அருகருகே வைத்திருந்து, ஒரு நாள் இரண்டில் ஒன்று எழும்பாமல் போனதும் உள்ளே அகப்பட்ட ஆய்வறிக்கையை வெளியே எடுக்க வழி தேடுகிறார். மூவருக்கும் முன்னால் இருக்கும் தெரிவுகள் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன்னர், வழக்கமாகச் சேர்த்தே கேட்கப்படும் இரண்டு கேள்விகளைப் பிரித்துவிட வேண்டும். உள்ளே இருப்பதை வாசித்து எடுப்பது எப்படி என்பது முதலாவது. பழுதாகிப்போன கோப்பு முறைமையை, அதாவது தட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பை, திருத்துவது எப்படி என்பது இரண்டாவது. வாசிப்பதைப் பொறுத்தவரை எந்தக் கணினி வசதியாகக் கிடைக்கிறதோ அதில் வாசிக்கலாம். அதற்குப் பல வழிகள் உண்டு. திருத்துவதைப் பொறுத்தவரை, அந்தக் கோப்பு முறைமையை உருவாக்கிப் பேணிவரும் இயங்குதளத்துக்கு வெளியே அதைச் செய்யக்கூடாது என்பதே என் முடிவு. ஒரு கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தை எழுத்துத் தெரிந்த எவரும் வாசித்துவிடலாம், ஆனால் வரவு செலவு பொருந்தாத பக்கத்தில் பேனா வைக்க வேண்டியவர் அந்தக் கணக்கை எழுதியவர்தான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தப் பிரிவினையின் மீதே நிற்கிறது.

முதலில், அது உண்மையில் பழுதா?

மாக் கணினியில் ஃபோமட் செய்த வன்தட்டை விண்டோஸில் செருகினால், சிலவேளை எதுவுமே தோன்றாது. சிலவேளை, இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபோமட் செய்ய வேண்டும் என்ற ஒரு சிறு பெட்டி எழும். அதில் இரண்டு பொத்தான்கள் இருக்கும்: ஒன்று ஃபோமட் செய்வது, மற்றது கேன்சல். “மாமா, ஃபோமட் பண்ணட்டோ எண்டு கேக்குது, ஓம் குடுக்கட்டோ?” என்று தொலைபேசியில் கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் எப்போதும் ஒன்றுதான்: கேன்சலை அழுத்து, கம்பியைக் கழற்று. அந்தப் பெட்டி வன்தட்டு பழுதாகிவிட்டது என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கோப்பு முறைமை எனக்குத் தெரியாதது என்பதைத்தான் விண்டோஸ் தன் பாணியில் சொல்கிறது. மாக் கணினியும் இதே சூழ்நிலையில், இந்தத் தட்டை வாசிக்க முடியவில்லை என்று கூறி, வெளியேற்று, புறக்கணி, புதிதாகத் தொடங்கு என்ற மூன்று தெரிவுகளை நீட்டும். மூன்றாவதைத் தொட்டால் தட்டைத் துடைத்து எழுதக்கூடிய டிஸ்க் யூட்டிலிட்டி என்ற செயலி திறந்துவிடும்.

தவறி ஃபோமட் கொடுத்துவிட்டாலும் எல்லாமே போய்விடுவதில்லை. விரைவு ஃபோமட் புதிய கோப்பு முறைமையின் அடித்தளத்தை மாத்திரமே எழுதுகிறது. சுழலும் வன்தட்டு என்றால் பழைய தரவின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். விரைவு என்ற குறியை நீக்கிவிட்டுச் செய்யும் முழு ஃபோமட், விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து தட்டு முழுவதையும் பூச்சியங்களால் நிரப்பிவிடுகிறது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் விரைவு ஃபோமட்டும் கூடப் பழைய இடங்களை வெறுமையாக்கும்படி தட்டுக்குக் கட்டளை அனுப்பக்கூடும் என்பதால், அங்கே மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

எந்தக் கோப்பு முறைமை என்று அறிவதற்கு மிக நேரான வழி, உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் இருந்து இயக்கி, அதன் டிஸ்க்ஸ் என்ற செயலியில் பார்ப்பதே. எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ் (இரண்டும் மாக்கினுடையவை), என்டிஎஃப்எஸ் (விண்டோஸ்), எக்ஸ்ஃபேட் (இரண்டுக்கும் பொதுவானது), எக்ஸ்ட்4 (லினக்ஸ்) என்று ஒவ்வொரு பகிர்வுக்கும், அதாவது தட்டைப் பிரித்து வைத்த ஒவ்வொரு பகுதிக்கும், அது பெயர் சொல்லும். பிட்லொக்கர், லக்ஸ் ஆகிய மறைகுறியாக்கங்கள் (கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டுபவை) இருந்தால் அதையும் காட்டிவிடும். உபுண்டுவைத் தாங்க 8 ஜிபி பென் டிரைவ் போதும். பெயர் தெரியாமல் அடுத்த படிக்குப் போவது வீண் அலைச்சல்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் காலக்கணக்கும் முடிவுக்கு உதவும். என்டிஎஃப்எஸ் 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்தது. எச்எஃப்எஸ் பிளஸ் 1998இல் மாக் ஓஎஸ் 8.1 உடன் வந்தது; எக்ஸ்ட்4 2008இல் லினக்ஸின் நிலையான பகுதியாகியது; ஏபிஎஃப்எஸ் மாக் கணினிகளுக்கு 2017இல் ஹை சியரா பதிப்புடன் முறையாக வந்து சேர்ந்தது. ஆகவே யாரோ ஒருவரிடம் இருக்கும் பழைய மாக்கை இரவல் வாங்கி, அதில் அண்மையில் ஃபோமட் செய்த வன்தட்டைச் செருகினால், அந்த மாக்கும் விண்டோஸைப் போலவே கையை விரிக்கக்கூடும்.

வாசிப்பதற்கான வழிகள்

சொந்த இயங்குதளம் உள்ள கணினியை இரவல் பெறுவதை நான் முதலிடத்தில் வைக்கிறேன். எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை, கோப்புகளின் பெயர்களும் திகதிகளும் சிதைவதில்லை, மறைகுறியாக்கம் இருந்தால் கடவுச்சொல்லை நேராகக் கொடுக்கலாம். அந்த மாக்கிலேயே எக்ஸ்ஃபேட்டில் ஃபோமட் செய்த இன்னொரு வன்தட்டைச் செருகிப் பிரதி எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இரண்டாவது வன்தட்டு இல்லையென்றால், மாக்கில் கோப்புப் பகிர்வை இயக்கி, இரண்டு கணினிகளையும் வலையமைப்புக் கம்பியால் இணைத்து, விண்டோஸில் இருந்து அதைத் திறக்கலாம். வலையமைப்பின் மறுமுனையில் நிற்கும் கணினிக்குக் கோப்பு முறைமை என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. இந்த வழியின் குறை நேரம்தான். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி பிரதி எடுக்க 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும்; பழைய யூஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 35 எம்பி அளவில் ஓடினால் அதுவே 8 மணி நேரம் ஆகிவிடும். மற்றவரின் கணினியை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்க முடியுமா என்பதை வாங்கும்போதே கதைத்துக்கொள்வது நல்லது.

மாக் கிடைக்காத இடத்தில், பென் டிரைவில் இருந்து இயங்கும் லினக்ஸ் இரண்டாவதாக வருகிறது. பணச் செலவு இல்லாத வழிகளில் முதலாவதும் அதுவே. எச்எஃப்எஸ் பிளஸ் வன்தட்டை அது உடனே திறக்கும். மாக் 2002 முதல் சேர்த்துக்கொண்ட, தட்டில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜேர்னல் என்ற பதிவேடு இயக்கத்தில் இருக்கும் தட்டுகளை லினக்ஸ் வாசிக்க மட்டுமே அனுமதிக்கும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், ஆனால் உள்ளே இருப்பதைப் பாதுகாப்பாக எடுக்க நினைப்பவருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் கட்டளைகள் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சிறு தடங்கல் வரும். கோப்புறைகள் தெரியும், ஆனால் அவற்றின் மீது பூட்டுக் குறி இருக்கும். திறந்தால் அனுமதி இல்லை என்ற செய்தி வரும். வன்தட்டு பழுதாகிவிட்டது என்று இந்த இடத்தில் கைவிடுபவர்கள் உண்டு. உண்மையில் மாக் தன் முதல் பயனருக்கு 501 என்ற இலக்கத்தைக் கொடுக்கிறது, லினக்ஸ் வேறோர் இலக்கத்தைக் கொடுக்கிறது. கோப்புறையின் உரிமையாளர் வேறொருவர் என்று லினக்ஸ் கருதுவதால்தான் பூட்டு. நிர்வாகி உரிமையுடன் கோப்பு மேலாளரைத் திறந்தால் அதே கோப்புறைகள் தடையின்றித் திறக்கும்.

ஏபிஎஃப்எஸ் விடயத்தில் லினக்ஸ் அவ்வளவு எளிதன்று. ஏபிஎஃப்எஸ் ஃபியூஸ் என்ற வாசிக்க மட்டுமான கருவியைத் தனியாக நிறுவ வேண்டும், அதற்கு இணைய இணைப்பும் கட்டளைச் சாளரத்தில் சற்றுப் பழக்கமும் தேவை. அதில் கைவைக்கத் தயங்குபவர் மாக் தேடிப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது வழி, விண்டோஸிலேயே நிறுவிக்கொள்ளும் கட்டண மென்பொருள்கள். பரகன் நிறுவனத்தின் எச்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் மென்பொருள்களும் மாக்டிரைவும் இவற்றில் நெடுநாட்களாக அறியப்பட்டவை. நிறுவியபின் மாக் வன்தட்டு ஏனைய தட்டுகளைப் போலவே எக்ஸ்புளோரரில் தோன்றும். வாரத்துக்கு ஒரு தடவையாவது மாக் பயன்படுத்துபவர்களின் வன்தட்டு வந்து சேரும் ஸ்டூடியோவுக்கு இதை வாங்குவது நியாயமான செலவு; வாடிக்கையாளர் காத்திருக்கையில் பென் டிரைவில் லினக்ஸை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு தடவை வந்த வன்தட்டுக்காக டொலரில் கட்டணம் செலுத்துவது தேவையற்றது. பரீட்சார்த்தக் காலம் கொடுக்கப்படும் இடங்களில், ஒரே ஒரு வன்தட்டைப் பிரதி எடுக்க அந்தக் காலமே போதுமானது. ஆனால் நிறுவியவுடன் வன்தட்டில் எழுதும் அதிகாரமும் வந்துவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. அவற்றில் வாசிக்க மட்டும் என்ற அமைப்பு இருந்தால் அதைத் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் எச்எஃப்எஸ் எக்ஸ்புளோரர், வாசிக்க மட்டும் தெரிந்த, ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு சிறு கருவி. சில கோப்புறைகளை வெளியே எடுக்கப் போதும். 500 ஜிபி காணொளிகளை எடுக்க அதை நம்பியிருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 தட்டை விண்டோஸில் பார்க்க வேண்டியவர்களுக்கு, விண்டோஸ் 11இன் டபிள்யூஎஸ்எல் 2 என்ற உட்புற லினக்ஸ் வழியாகத் தட்டை இணைக்கும் வசதி இருக்கிறது. உண்மையான லினக்ஸே அந்தத் தட்டை வாசிப்பதால் நம்பிக்கையான வழி. ஆயினும் அது தட்டு முழுவதையும் விண்டோஸிடம் இருந்து எடுத்து லினக்ஸிடம் கொடுப்பதால், விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் அதே தட்டில் உள்ள லினக்ஸ் பகிர்வை இவ்வாறு திறக்க முடியாது. வளாக மாணவரின் மடிக்கணினியில் இருப்பது ஒரே தட்டு என்றால், இந்த வழி அவருக்கு அடைபட்டுவிட்டது. பென் டிரைவுகளையும் நினைவக அட்டைகளையும் அது ஏற்பதில்லை. எக்ஸ்ட்2 எஃப்எஸ்டி என்ற பழைய இலவச இயக்கியைச் சிலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். அதன் கடைசி வெளியீடு 2017இல் வந்தது, எக்ஸ்ட்4இன் பிந்திய வசதிகளை அது முழுமையாக அறியாது, எழுதவும் செய்யும். அறியாத ஒன்று எழுதவும் வல்லதாக இருப்பது மோசமான சேர்க்கை.

எதிர்த்திசையில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வன்தட்டை மாக் வாசிக்கும், எழுதாது. பிரதி எடுப்பது மட்டும் நோக்கம் என்றால் அங்கே எதையும் தேட வேண்டியதில்லை. லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸை வாசித்து எழுதவும் செய்கிறது. 2007 முதல் என்டிஎஃப்எஸ் 3ஜி என்ற கருவி மூலமும், 2021 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கருவிலேயே சேர்க்கப்பட்ட இயக்கி மூலமும் இது நடக்கிறது.

பிரதி எடுக்கும்போது பெயர்களில் நேரும் ஒரு சிக்கல் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கே உரியது. எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, ஒருங்குறி எழுத்துகளைப் பிரித்து வைக்கும். ‘கோணேஸ்வரம் தேர்’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்தால், ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியாக அல்லாமல் ஏகாரக் குறியும் காலும் ஆக இரண்டாகச் சேமிக்கப்படும். பிரதி எடுக்கும் கருவி அதைத் திரும்பச் சேர்க்காமல் விட்டால், விண்டோஸில் பெயர் கண்ணுக்கு அப்படியே தெரியும், ஆனால் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து தேடினால் அகப்படாமல் போகலாம். இதைத் தவிர, மாக்கில் கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவற்றைப் பெயரில் வைக்கலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது, அந்தக் கோப்பில் பிரதி தடைபடும். எக்ஸ்ஃபேட் தட்டில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் சிறு கோப்புகள் நூற்றுக்கணக்கில் தோன்றினால் அவை வைரஸ் அல்ல; மாக் தன் மேலதிக விபரங்களை எழுதி வைத்த துணைக் கோப்புகள். விண்டோஸில் அவற்றுக்குப் பயன் இல்லை.

திருத்துவது என்று வரும்போது

வாசிக்க முடிகிறது, ஆனால் சில கோப்புறைகள் வெறுமையாகத் தெரிகின்றன; அல்லது சொந்த இயங்குதளத்திலேயே தட்டு ஏற்றப்பட, அதாவது திறந்து பயன்பாட்டுக்கு வர, மறுக்கிறது. அப்போதுதான் திருத்தம் பற்றிய கேள்வி எழுகிறது. அந்தக் கட்டத்திலும் நான் முதலில் கேட்பது, இந்தத் தட்டைத் திருத்த வேண்டிய தேவை உண்டா என்பதே. உள்ளே இருப்பது மாத்திரமே வேண்டும் என்றால், வாசிக்கக் கூடியதை எல்லாம் வாசித்து எடுத்துவிட்டுத் தட்டைப் புதிதாக ஃபோமட் செய்வது திருத்துவதை விட வேகமானது, பாதுகாப்பானது. திருத்தும் கருவிகளின் முதல் கடமை கோப்பு முறைமையை ஒத்திசைவான நிலைக்குக் கொண்டுவருவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான். விண்டோஸின் செக்டிஸ்க், உரிமையாளர் தெரியாத துண்டுகளைத் தனியொரு கோப்புறையில் இலக்கமிட்ட பெயர்களுடன் கொட்டிவிடுவது இதனால்தான். முறைமை சீரானது, கல்யாணக் காணொளி எது என்று தெரியாமல் போனது.

திருத்தியே ஆக வேண்டும் என்றால், முறைமைக்கு முறைமை நிலைமை வேறுபடுகிறது. ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் உள்ள ஃபர்ஸ்ட் எய்ட் மாத்திரமே நான் நம்பும் தெரிவு. எச்எஃப்எஸ் பிளஸ்ஸுக்கு லினக்ஸில் ஒரு திருத்தும் கருவி கிடைக்கிறது. அது ஆப்பிளின் சொந்த நிரலில் இருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட பழைய பதிப்பு. சிறு பிழைகளைத் தீர்க்கும், ஆனாலும் உண்மையான வன்தட்டில் அதை ஓடவிடுவதை விட, தட்டு முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி செய்யும் படிமம் எடுத்து அதன் மீது ஓடவிடுவதே முறை.

என்டிஎஃப்எஸ்ஸுக்கு லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ் ஃபிக்ஸ் என்ற கருவி, பெயர் தரும் நம்பிக்கைக்கு உரியதன்று. அது சில பொதுவான முரண்பாடுகளை நேராக்கி, ஜேர்னலை வெறுமையாக்கி, அடுத்த தடவை விண்டோஸ் எழும்போது முழுச் சோதனை நடத்தும்படி குறி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உண்மையான திருத்தம் செக்டிஸ்க்கிடம்தான் இருக்கிறது. விண்டோஸ் எழும்பாத மடிக்கணினியிலும், விண்டோஸை நிறுவும் பென் டிரைவில் இருந்து எழுப்பினால் கட்டளைச் சாளரத்தில் செக்டிஸ்க் கிடைக்கும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இரட்டை இயங்குதளம் வைத்திருக்கும் மாணவர்களிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று திருத்தம் எதுவுமே தேவைப்படாதது. லினக்ஸில் இருந்து விண்டோஸ் பகிர்வைத் திறந்தால் எழுத முடியவில்லை, அல்லது ஏற்றவே முடியவில்லை என்பார்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்கம், கணினியை அணைக்கும்போது அதை முழுமையாக மூடாமல் பாதி உறக்கத்தில் விடுகிறது. அந்த நிலையில் உள்ள பகிர்வில் எழுதினால் சேதம் வரும் என்பதால் லினக்ஸ் மறுக்கிறது. விண்டோஸுக்குத் திரும்பிச் சென்று, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி அணைத்தால் போதும். கட்டாயப்படுத்தி ஏற்றும் கட்டளையை இணையத்தில் கண்டு அதைப் பிரதி செய்து ஒட்டுபவர்கள், இல்லாத பழுதை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்ட்4க்குக் கதை எளிது: பென் டிரைவில் இயங்கும் லினக்ஸே அதன் சொந்த வீடு. பகிர்வு ஏற்றப்படாத நிலையில், முதலில் எதையும் மாற்றாமல் பார்வையிட மட்டும் சொல்லி இ2எஃப்எஸ்சிகே என்ற திருத்தும் கருவியை ஓடவிட்டு, அது தரும் பட்டியல் சில வரிகளா, நூற்றுக்கணக்கான வரிகளா என்று பார்த்தபின் திருத்தச் சொல்வது ஒழுங்கு. நூற்றுக்கணக்கில் வந்தால் பிழை பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, தட்டில் இருக்கிறது.

எக்ஸ்ஃபேட்டை விண்டோஸ், மாக் இரண்டுமே திருத்தும். முறையாக வெளியேற்றாமல் பிடுங்கப்பட்ட எக்ஸ்ஃபேட் வன்தட்டை மாக்கில் செருகினால், அது திரையில் எதுவும் சொல்லாமல் பின்னணியில் சோதனையைத் தொடங்கும். பெரிய தட்டு என்றால் நெடுநேரம் எதுவும் தோன்றாது. தட்டு செத்துவிட்டது என்று மறுபடியும் பிடுங்குவதுதான் அந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று.

தட்டே நோயாளி என்றால்

மேலே சொன்ன ஒப்பீடு முழுவதும் வன்தட்டின் உடல் நலமாக இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. கடலோர நகரத்தில் அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக்கூடாது. கையடக்க வன்தட்டுகள் பலவற்றில் உள்ள அகன்ற தட்டையான யூஎஸ்பி துளையை ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: தொடுமுனைகள் மங்கியோ, ஓரத்தில் பச்சைப் படலம் படிந்தோ இருந்தால், உப்புக் காற்று வேலை செய்திருக்கிறது. கம்பியைச் சற்று அசைத்தாலே இணைப்பு வந்து வந்து போகும். அப்படி எழுத்தின் நடுவே துண்டிக்கப்பட்ட ஒரு தட்டு, கோப்பு முறைமைப் பழுதைப் போலவே காட்சி தரும். வேறொரு கம்பியையும் வேறொரு துளையையும் மாற்றிப் பார்ப்பது, எந்தத் திருத்தும் கருவிக்கும் முன்னால் வரவேண்டிய படி.

அடுத்து, தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அதைக் காட்டும். தட்டின் சிறு சேமிப்புத் துண்டுகளே பிரிவுகள். மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகள், தீர்வுக்குக் காத்திருக்கும் பிரிவுகள் என்ற இரண்டு எண்ணிக்கைகளும் பூச்சியமாக இருந்தால் முன்னேறலாம். காத்திருக்கும் பிரிவுகள் ஏறிக்கொண்டே போனால், செக்டிஸ்க்கையோ ஃபர்ஸ்ட் எய்டையோ அந்தத் தட்டின் மீது ஓடவிடாதீர்கள். அதிலும் செக்டிஸ்க்கின் ஆர் என்ற தெரிவு தட்டின் ஒவ்வொரு பிரிவையும் வாசிக்கும். மூச்சு வாங்கும் தட்டை அது முடித்துவிடும்.

அந்த நிலையில் செய்ய வேண்டியது படிமம் எடுப்பது. லினக்ஸில் கிடைக்கும் குனு டிடிரெஸ்கியூ, கோப்பு முறைமை எது என்று கவலைப்படாமல் தட்டை முதல் பிரிவில் இருந்து கடைசிப் பிரிவு வரை பிரதி எடுக்கிறது. முதல் ஓட்டத்தில் எளிதாக வாசிக்கக் கூடியதை எல்லாம் அள்ளிக்கொண்டு, தடுமாறும் இடங்களைத் தாண்டிச் சென்று, பின்னர் அவற்றுக்குத் திரும்பும். எவ்வளவு மீட்கப்பட்டது, எவ்வளவு மிச்சம் என்பதைத் திரையில் நொடிக்கு நொடி காட்டும் அது, அதே கணக்கை ஒரு வரைபடக் கோப்பிலும் எழுதி வைக்கிறது. மின்சாரம் போனாலும், வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த 2022ஐக் கடந்து வந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. படிமத்தை வைக்கும் தட்டு மூலத்தட்டை விடப் பெரியதாக இருக்க வேண்டும். அது ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருக்கக்கூடாது, ஏனெனில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஃபேட்32 ஏற்காது.

படிமம் கைக்கு வந்தபின், மூலத்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, படிமத்தின் இன்னொரு பிரதியின் மீது எந்தத் திருத்தத்தையும் துணிந்து செய்து பார்க்கலாம். மாக்கின் படிமத்தை மாக்குக்கே கொண்டுபோய்த் திறந்து திருத்தலாம். பகிர்வு அட்டவணை அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் அதைத் தேடித் தரும். எதுவுமே பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக் படங்களையும் காணொளிகளையும் அவற்றின் உள்ளடக்க அடையாளத்தால் தோண்டி எடுக்கும். பெயர்களும் கோப்புறைகளும் திரும்பி வராது.

தட்டு டிக், டிக் என்று ஒலி எழுப்பினாலோ, சுழலத் தொடங்கி நின்றுவிட்டாலோ, மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. மின்சாரத்தைத் துண்டித்து, தூசற்ற அறையில் தட்டைத் திறக்கும் வசதியுள்ள கொழும்பு நிறுவனங்களில் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குரிய செலவைத் தாங்கும் அளவுக்கு உள்ளே இருப்பது பெறுமதியானதா என்பதை முதலில் வீட்டில் பேசித் தீர்த்துக்கொண்டு. கூரியரில் அனுப்புவதை விட இரவு ரயிலில் கையோடு கொண்டுபோவது மேல். வீட்டில் திருகாணி கழற்றுவதும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் இன்றும் சொல்லப்படும் வைத்தியங்கள். இரண்டுமே மீட்பவரின் வேலையைக் கடினமாக்கும்.

அடுத்த தடவை எந்த முறைமையில் ஃபோமட் செய்வது?

விண்டோஸுக்கும் மாக்குக்கும் இடையில் பயணம் செய்யும் தட்டுக்கு எக்ஸ்ஃபேட்டே வசதியானது. 2006இல் வந்த அதை இரண்டு இயங்குதளங்களும் வாசித்து எழுதும். மைக்ரோசொஃப்ட் 2019இல் அதன் விபரக்குறிப்பை வெளியிட்டபின் லினக்ஸும் தன் கருவில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதற்கு ஜேர்னல் இல்லை. எழுதும் நடுவே கம்பி கழன்றால் இழப்பு என்டிஎஃப்எஸ்ஸை விடவும் எச்எஃப்எஸ் பிளஸ்ஸை விடவும் மோசமாக இருக்கலாம். அத்துடன் 32 ஜிபிக்கு மேற்பட்ட தட்டுகளில் அதன் இயல்பான இட அலகு 128 கேபி என்பதால், 2 கேபி கோப்பும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். காணொளிகளுக்கு இது பொருட்டல்ல, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட மாணவரின் நிரல் தொகுப்புக்கு இடம் வீணாகும். எனவே எக்ஸ்ஃபேட் தட்டில் இருப்பது ஒருபோதும் ஒரே பிரதியாக இருக்கக்கூடாது. விண்டோஸும் லினக்ஸும் மட்டும் உள்ள மடிக்கணினிக்கு என்டிஎஃப்எஸ் போதும். மாக்கில் மட்டும் வேலை செய்பவர் சுழலும் வன்தட்டுக்கு எச்எஃப்எஸ் பிளஸ்ஸையும் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ்ஸையும் வைத்துக்கொள்வது நல்லது. சுழலும் தட்டில் ஏபிஎஃப்எஸ் நாளடைவில் மெதுவாகிவிடுகிறது.

மறைகுறியாக்கம் இருக்கும் தட்டுக்கு இந்த ஒப்பீட்டில் இடமே இல்லை, ஏனெனில் கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ இல்லாமல் எந்த வழியும் எந்த இயங்குதளமும் அதைத் திறக்காது. தட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் உறவினரிடம், அவர் விமான நிலையத்துக்குப் புறப்படும் முன், கடவுச்சொல் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அதை எழுதி வாங்கி, அவர் மாக்கிலேயே ஒரு தடவை கழற்றிச் செருகி, அந்தக் கடவுச்சொல்லால் தட்டு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால், அவருடைய மாக்கிலேயே எக்ஸ்ஃபேட் தட்டொன்றில் ஒரு பிரதியும் எடுத்துவிடலாம்.